மாமன் மகள் கேட்ட முறை

போன வாரம் நஸ்ரின் என்னைப் பார்க்க வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு விவாகப் பதிவாளர் அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்த பிள்ளை அவள். அக்குறணைக்காரி. வந்து உட்கார்ந்தவள், ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடுவதற்கு முன்பே கேட்டாள்.

“பாக்கியக்கா, பொம்பளையும் பொம்பளையும், ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் முடிக்கச் சட்டம் வேணுமாம்னு டீவியில செல்றாங்க. அப்படி ஒரு நாள் வந்தா, ரெண்டு பொம்பளப் புள்ளைகள எந்த வாங்குல உக்கார வெக்கிற?”

கேள்வி நியாயமானதுதான். அலுவலக வாசலுக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் நீளப் பலகை வாங்கு, இடப்பக்கம் பெண் வீட்டு வாங்கு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. நான் போட்ட ஒழுங்கு. இரண்டு வீட்டாரையும் ஒரே வாங்கில் விட்டால் கையெழுத்துக்கு முன்பே சண்டை வந்துவிடும் என்று நான்தான் பிரித்து வைத்தேன். பதிவாளர்கள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின, வாங்கு மட்டும் நான் இழுத்துப் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

“அதுகளுக்கு இதுவரைக்கும் வாங்கே போடல. வலமா இடமாங்கிறதப் பிறகு பாப்போம்” என்றேன்.

“நம்மட கலாசாரத்துக்கு ஒத்து வராதுன்னும் ஒருத்தர் செல்றார்.”

கலாசாரமா? அதை அந்த இரண்டு வாங்கிலும் உட்கார வைத்து நன்றாகப் பார்த்தவள் நான். அதற்குத் தேத்தண்ணி கொடுத்ததும், அது துப்பிய வெற்றிலையைக் கழுவியதும் நான்தான். ஆகவே எனக்கும் கொஞ்சம் பேச உரிமை உண்டு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் வாசிக்க வேண்டாம்.

மடுல்கெல்லப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் கண்டிக்கு வந்து சிற்றூழியரானது ஒரு பெரிய கதை. அதை விட்டுவிடுகிறேன். கூட்டினேன், துடைத்தேன், தேத்தண்ணி போட்டேன். பிறகு வாசலில் பெயர் கூப்பிடும் வேலை வந்தது. கூப்பிட வேண்டுமென்றால் வாசிக்க வேண்டும், வாசிக்க வேண்டுமென்றால் எழுத்து வேண்டும். பெயர் பெயராகக் கூப்பிட்டுத்தான் நான் வாசிக்கப் பழகினேன். அதனால் இன்றைக்கும் எனக்குப் பத்திரிகை ஓடாது; கல்யாணப் பத்திரிகை ஓடும்.

என் பெரியவர், பதிவாளர் சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், சுத்தமான மனிதர். பதிவுப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். கழுவிவிட்டுத் துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். பிறகு கண்ணாடியைத் துடைப்பார். பிறகு பேனா மூடியைக் கழற்றி ஒரு தரம் ஊதுவார். அதுவரைக்கும் மாப்பிள்ளை, பெண், சாட்சிகள் எல்லோரும் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். ஊதி முடித்ததும் பிரசங்கம் தொடங்கும்.

“பிள்ளையள், கலியாணம் எண்டது விளையாட்டில்லை. விட்டுக்குடுக்கப் பழகவேணும். கோவம் வந்தால் ஒராள் கதைக்க மற்றாள் பேசாமல் இருக்கவேணும்.”

வருகிற ஒவ்வொரு சோடிக்கும் இதே பிரசங்கம், ஒரு சொல் கூடாது, குறையாது. எனக்கு மனப்பாடம். ஐயா இல்லாத நேரத்தில் வாசல் பூனைக்கு நான் அதைச் சொல்லிக் காட்டுவேன். இதில் விசேஷம் என்னவென்றால், ஐயா கல்யாணம் கட்டாதவர். கதைக்கவும் ஆளில்லை, பேசாமல் இருக்கவும் ஆளில்லை. கண்டியில் ஒரு அறையில் தனியாக இருந்து, தானே பருப்பு அவித்துச் சாப்பிட்டு, ஊருக்கெல்லாம் கல்யாணம் எழுதிக் கொடுத்தார்.

வாசலில் ஒரு கேள்வி கேட்பது என் பொறுப்பு. “என்ன முறை?” ஒரு தடவை பெரியப்பா மகளையே ஒருவன் கட்ட வந்து, சொந்தக்காரர்கள் திரண்டு வந்து அலுவலகத்து மேசை கதிரைகளை உடைத்தார்கள். அதிலிருந்து, “பாக்கியம், உள்ளை விடமுதல் என்ன முறை எண்டு கேட்டுப்போட்டு விடும்” என்று ஐயா சொல்லிவைத்தார். மாமன் மகள், அத்தை மகன் என்றால் முறை சரி, உள்ளே போகலாம். சொந்தமே இல்லை என்றாலும் போகலாம். அண்ணன் தங்கை முறை வந்தால் நிறுத்தி வைத்துவிட்டு ஐயாவைக் கூப்பிடுவேன்.

இந்த வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். பெண்ணின் பெயரைக் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு, “வீட்டுல பேபின்னுதாங்க கூப்பிடுவாங்க” என்று நின்ற மாப்பிள்ளை ஒருவன். பதிவாயிற்று. குடித்துவிட்டு வந்து இரண்டு சாட்சிகளின் தோளில் தொங்கியபடி சம்மதம் சொன்னவன் ஒருவன். சம்மதம் சொன்னானா, விக்கினானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஐயா இஞ்சி போட்டுக் காரமாக ஒரு தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார், அவனும் பதிவானான். வெளிநாட்டு விசாவுக்காக, முன்பின் பார்க்காத பெண்ணோடு வந்து, கையெழுத்துப் போட்ட கையோடு தனித்தனி பஸ்ஸில் ஏறிப்போன ஒரு சோடி. பதிவாயிற்று. பெண் வீட்டு வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்த பிள்ளைக்கு, “சந்தோஷத்துல அழுவுது” என்று தாய் மாமன் விளக்கம் சொன்னதும் உண்டு. எல்லோரும் பதிவானார்கள். எல்லோருக்கும் பிரசங்கம் கிடைத்தது. கலாசாரம் கொஞ்சமும் கோணவில்லை.

கோணியது ஒரே ஒரு நாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் தவமணி என்றொரு தையல்காரி இருக்கிறாள். என் ரவிக்கைகள் எல்லாம் அவள் கைதான். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் அவளும் யோகேஸ்வரியும் பல வருஷமாகச் சேர்ந்து குடியிருந்தார்கள். தவமணி வெட்டுவாள், யோகா தைப்பாள். தவமணி ஒரு வார்த்தை பேசினால் யோகா ஒரு சிரிப்புச் சிரிப்பாள். இரண்டு பேரும் எங்கள் மடுல்கெல்லப் பக்கத்துப் பிள்ளைகள்தான். இருவரும் ஒருத்திக்கு ஒருத்தி என்ன என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு காலை அந்த இரண்டு பேரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள்.

“யாருக்குடி கல்யாணம்? மாப்பிள்ளை எங்க?” என்றேன்.

“எங்களுக்குத்தாங்க்கா” என்றாள் தவமணி.

“மாப்பிள்ளை எங்கன்னு கேட்டேன்.”

“எங்களுக்குத்தான்னு சொன்னேன்.”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஆனால் பழகிய வாய் அல்லவா, தானாகத் திறந்து கேட்டது: “என்ன முறை?”

“இவ எங்க அத்தை மக.”

“முறை சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். யோகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டேன்.

ஐயா கை கழுவி, விரல் துடைத்து, கண்ணாடி துடைத்து, பேனாவை ஊதினார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடினார்.

“பிள்ளையள், இது ஏலாது. ஆம்பிளைக்கு ஒரு இடம், பொம்பிளைக்கு ஒரு இடம் எண்டுதான் இதிலை கிடக்கு. நான் எங்கை எழுதுறது?”

“யாருங்க ஐயா அப்படிப் போட்டது?”

“சட்டம்.”

“அத மாத்துறது யாரு?”

“பாராளுமன்றம்.”

“அங்க போய்ப் பதியலாங்களா?”

ஐயாவுக்குச் சிரிப்பு வராது. அன்றைக்கு மீசை மட்டும் ஆடியது. “ஒரு வீட்டிலைதானே இருக்கிறியள். அப்பிடியே இருங்கோவன். கடுதாசி எதுக்கு?” என்றார்.

தவமணி சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

“இருக்கிறோம் ஐயா. ஆனா இவ அண்ணன் எந்த நேரமும் வந்து, ‘கட்டாத பொண்ணு, வீட்டுக்கு வா’ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம். நான் யாருன்னு சொல்லித் தடுக்கிறது? கட்டின பொண்ணுன்னா அவரு என்னைக் கேட்டுத்தானே கூட்டிட்டுப் போகணும்?”

ஐயா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்ப இருக்கிற சட்டத்திலை உங்களைப் பிடிச்சு அடைக்கவும் வழி கிடக்கு, பிள்ளையள். நீங்கள் வந்ததும் நான் காணேல்லை, சொன்னதும் கேக்கேல்லை. பாக்கியமும் கேக்கேல்லை.”

“எனக்குக் காது அவ்வளவா கேக்காதுங்க” என்றேன். அவர்களுக்கு மட்டும் அன்றைக்குப் பிரசங்கம் கிடைக்கவில்லை.

தவமணி பயந்தபடியே நடந்தது. யோகாவின் அண்ணன் கணேசன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பிரட்டுக் களத்தில் நின்று ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுத்துப் பழகியவன். வீட்டிலும் அதே குரல்தான். அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லித் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். அம்மா முற்றத்தில் நின்று விறகு பிளந்துகொண்டிருந்தாராம். போனவளைத் திரும்ப அனுப்பவில்லை. போனையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

சில நாளில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விவாக அறிவித்தல் வந்தது. அதைக் கம்பிவலைப் பலகைக்குள் ஒட்டுவது என் வேலை. மாப்பிள்ளை கலகெதரயில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவர், பெண்சாதி இறந்தவர். பெண்ணின் பெயரை எழுத்துக் கூட்டினேன். யோ, கே, ஸ்… முழுதும் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே தையல் கடைக்குப் போய்ச் சொன்னேன். ஊருக்குத் தெரியப்படுத்தத்தானே அறிவித்தல் ஒட்டுகிறோம்? தவமணி ஊருக்குள்தானே இருக்கிறாள்? என் கடமையைத்தான் செய்தேன்.

பதிவு நாள் வந்தது. வலது வாங்கில் இரும்புக் கடைக்காரரும் அவருடைய பெரியம்மாவும். அவர் பாவம், நல்ல மனிதர். வியர்த்துக் கொட்டிக்கொண்டு, கொடுத்த தேத்தண்ணிக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். பெரியம்மா கிழவி வெற்றிலையும் அதிகாரமுமாக உட்கார்ந்திருந்தாள். இடது வாங்கில் யோகா, பக்கத்தில் கணேசன். யோகா தலையை நிமிர்த்தவில்லை. “என்ன முறை?” என்று கேட்டேன். “சொந்தமில்லைங்க, அந்நியம்” என்றான் கணேசன். உள்ளே விட்டேன்.

ஐயா கை கழுவினார். விரல் துடைத்தார். ஒரு நாளும் இல்லாமல் அன்றைக்கு மிக மெதுவாகத் துடைத்தார். பேனாவை ஊதும் நேரத்தில் தவமணி வந்து கதவில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

“ஐயா, இந்தக் கல்யாணத்துக்கு நான் ஆட்சேபனை சொல்றேன்.”

“என்ன முறையிலை?” என்றார் ஐயா. எந்த உரிமையில் என்றுதான் அவர் கேட்டார். எங்கள் ஆட்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

“மாமன் மக முறையில” என்றாள் தவமணி. “இவ எங்க அத்தை மக. எங்க வீட்டுல ஒரு வார்த்தை கேக்காம வெளியில குடுக்கக் கூடாது.”

கணேசன் எழுந்தான். “ஏய் தவம், வெளிய போ!”

“நீங்க இருங்க மச்சான். நான் ஐயாகிட்டப் பேசுறேன்.”

அந்த இடத்தில் பெரியம்மா கிழவி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கணேசனைத் திரும்பிப் பார்த்தாள். “ஏன் தம்பி, மாமன் வீடு இருக்கா? அவங்களக் கேக்காமயா பொண்ணு குடுக்க வந்தீங்க?”

“அது ஒண்ணுமில்லைங்க பெரியம்மா…”

“என்னா ஒண்ணுமில்ல? முறைக்காரங்க வாசல்ல நிக்கிறப்ப நாங்க பொண்ணக் கட்டிட்டுப் போனா, நாளைக்கு எங்க வீட்டு வாசல்ல மண்ணள்ளித் தூத்துவாங்க.” கிழவி தவமணியிடம் திரும்பினாள். “ஆத்தா, ஒங்க அண்ணனுக்குக் கேக்குறியா, தம்பிக்கா?”

“எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லைங்க.”

“பின்ன யாருக்குக் கேக்குற?”

“எனக்குத்தான்.”

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. கணேசன் முகம் கறுத்தது. கிழவி தவமணியை மேலும் கீழும் பார்த்தாள், யோகாவைப் பார்த்தாள். யோகா அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தியிருந்தாள். தவமணியைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. கிழவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வயசான கண் அல்லவா.

“முறை இருக்குத்தான்” என்று முணுமுணுத்தாள். “ஆளுதான் மாறிப் போச்சு.”

கணேசன் மேசையில் தட்டினான். “ஐயா, இந்தப் பைத்தியத்தை வெளிய அனுப்பிட்டு எழுதுங்க. இதுக்கு இங்க என்ன உரிமை இருக்கு?”

“ஒரு உரிமையும் இல்லை” என்றார் ஐயா. “சட்டப்படி அவ இந்த அறையிலை ஆருமில்லை.” தவமணி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஐயா கண்ணாடியைக் கழற்றி, துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். “ஆனா சட்டத்திலை இன்னொண்டும் கிடக்கு. நீரும் ஆருமில்லை, தம்பி. நீர் மாப்பிளையும் இல்லை, பொம்பிளையும் இல்லை. கொஞ்சம் தள்ளி நில்லும்.”

கணேசன் தள்ளி நின்றான். பிரட்டுக் களத்தில் அவன் அப்படித் தள்ளி நின்றிருக்கவே மாட்டான்.

ஐயா யோகாவைப் பார்த்து, எத்தனையோ பேரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். ஆனால் வழக்கம்போல அவசரப்படுத்தாமல், பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“பிள்ளை, இவரைக் கலியாணம் செய்ய உமக்குச் சம்மதமோ?”

“இல்லீங்க.”

“பெலத்துச் சொல்லும். பாக்கியத்துக்குக் காது கேக்காது.”

“சம்மதம் இல்லீங்க!” அந்தச் சத்தம் வாசல் வாங்குகள் வரை கேட்டிருக்கும்.

ஐயா புத்தகத்தை மூடினார். இரும்புக் கடைக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நான் போய்க் கடையத் தொறக்கலாங்களா?” என்று கேட்டார். அவருக்கும் இது பெரியம்மா பார்த்த ஏற்பாடுதான் போலிருக்கிறது. போகும்போது எனக்கு நாலாவது நன்றியும் சொன்னார்.

கணேசன் வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னான். குடும்ப மானம், சாதி சனம், தோட்டத்தில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் கத்தினான். யோகா அவனிடம் கையை நீட்டினாள். அவன் முறைத்துப் பார்த்துவிட்டு அவளுடைய போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

வெளியே போகும்போது தவமணி ஐயாவைக் கும்பிட்டாள். “பெரிய உபகாரம் செஞ்சீங்க ஐயா.”

“என்ன உபகாரம்? உங்களுக்கு நான் எழுதித் தரேல்லையே” என்றார் ஐயா, எரிச்சலோடு. “அவங்களுக்கும் எழுதேல்லை. என்னாலை ஏலுமானது அவ்வளவுதான். நாளைக்கு அவன் இன்னொரு மாப்பிளையோட வருவான். அவள் திரும்பவும் இல்லையெண்டு சொல்லவேணும். ஒவ்வொருக்காலும் சொல்லவேணும். மற்றச் சனம் ஒருக்கால் ஓமெண்டால் போதும். உங்களுக்கு அந்த வசதி இல்லை.”

அவர் செய்த பிரசங்கங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அதற்குப் பிறகும் பழைய பிரசங்கத்தை அவர் விடவில்லை, அது வேறு விஷயம்.

யோகா இன்னும் பல தடவை இல்லை சொல்ல வேண்டி வந்தது. ஒரு வாத்தியாருக்கு, ஒரு கொழும்புக் கடைச் சிப்பந்திக்கு, யாரென்றே தெரியாத ஒரு போட்டோவுக்கு. கடைசியில் கணேசனுக்கு மாப்பிள்ளை தேடித் தேடிக் கால் தேய்ந்து போயிற்று. தங்கை மீதிருந்த கோபம் போகவில்லை. ஆனால் தங்கை வைக்கும் கருவாட்டுக் குழம்பு மீதிருந்த ஆசையும் போகவில்லை. கண்டிக்கு வரும்போதெல்லாம் கடைக்குப் போய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

நஸ்ரின் வந்து போன மறுநாள் நான் தையல் கடைக்குப் போனேன். கணேசன் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யோகா பரிமாறினாள், தவமணி மெஷினில் இருந்தாள். டீவியில் சொன்னதைச் சொல்லி, “என்ன கணேசன், சட்டம் வந்தா இவங்களப் பதிய விட்டுருவியா?” என்று வேண்டுமென்றே கிண்டினேன்.

“நான் ஒத்துக்க மாட்டேங்க்கா. செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்” என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. “இதெல்லாம் ஒரு கல்யாணமா? ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிப்புட்டேன். அப்படி ஒரு நாள் இவங்க பதியப் போனா, பொண்ணோட அண்ணனுக்கு மாப்பிள்ளை போட வேண்டிய மோதிரத்தப் போடாம என்னை ஏமாத்தலாம்னு பாத்தா, நான் சும்மா இருக்க மாட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“அது போன தீவாளிக்கே செஞ்சு வெச்சாச்சு மச்சான்” என்றாள் தவமணி, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணேசனின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. “பவுனா?”

“பவுன்தான்.”

“எங்க, காட்டு.”

“சட்டம் வரட்டும்.”

“சும்மா போட்டுப் பாத்துட்டுக் குடுத்துர்றேன்.”

“சட்டம் வரட்டும் மச்சான்.”

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவப் போனான். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு மேலாக அவன் குரல் கேட்டது.

“எவ்வளவு காலமா இதப் பேசுறானுங்க! அங்க பாராளுமன்றத்துக் கதிரையில உக்காந்துகிட்டு என்னதான் பண்றானுங்களோ!”